மலைநாட்டு மாணாக்கரும் ஆழ்கடல் ஆராய்ச்சியும்

பதுளை நகரின் அருகே ஓடும் பதுளு ஓயா, துன்ஹிந்தவில் 64 மீற்றர் உயரத்தினின்றும் வீழ்ந்து, பள்ளத்தாக்குகளினூடு சென்று மகாவலி கங்கையோடு கலக்கின்றது. ஊவாவின் தேயிலைச் சரிவுகளில் மழை அரித்தெடுக்கும் மண்ணும் அதனோடு செல்கின்றது. அணைகளும் நீர்த்தேக்கங்களும் அம்மண்ணை இடையில் மறிப்பினும், எஞ்சியது மகாவலியின் வழியே திருகோணமலையின் கொட்டியாரக் குடாவை அடைகின்றது. அக்குடாவை அடுத்தே கடலடியிற் பெரும் பள்ளத்தாக்கொன்று தொடங்கி, மூவாயிரம் மீற்றருக்கு மேற்பட்ட ஆழம் வரை இறங்குகின்றது. திருகோணமலை ஆழ்கடற் பள்ளத்தாக்கு என்பது அதன் பெயர். ஆகவே மலைநாட்டுக்கும் ஆழ்கடலுக்கும் தொடர்பில்லை எனக் கூறுதல் பொருந்தாது. மலைமண் ஆழ்கடலுக்குச் செல்லும் வழி உண்டு. மலைநாட்டு மாணாக்கர் அவ்வாழ்கடலை ஆராயச் செல்லும் வழி உண்டா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

கடலின் மேற்பரப்பிலிருந்து 200 மீற்றருக்குக் கீழுள்ள பகுதியை ஆழ்கடல் என வழங்குவது விஞ்ஞானிகள் மரபு. ஞாயிற்றொளி அவ்வெல்லைக்குக் கீழே விரைவிற் குன்றி, ஏறத்தாழ 1,000 மீற்றருக்குக் கீழே முற்றாக இல்லாதொழிகின்றது. ஆழம் பத்து மீற்றர் கூடுந்தோறும் அமுக்கம் ஒரு வளிமண்டல அளவு கூடுகின்றது. உலக சமுத்திரங்களின் சராசரி ஆழம் ஏறத்தாழ 3,700 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலவின் உயரம் 2,524 மீற்றர். அம்மலையை அடியோடு பெயர்த்துச் சராசரி ஆழமுள்ள கடலில் வைப்பின், அதன் முடிக்கு மேலே இன்னும் ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட நீர் நிற்கும்.

இத்துணைப் பெரிய உலகத்தில் மனிதர் கண்டது மிகச் சிறிது. 1958 முதல் நிகழ்ந்த ஏறத்தாழ 44,000 ஆழ்கடல் இறங்குகைகளின் பதிவுகளைத் தொகுத்து 2025 இல் வெளியான ஆய்வொன்று, ஆழ்கடற்றரையில் நேரிலோ ஒளிப்படக் கருவியாலோ காணப்பட்ட பகுதி 0.001 சதவீதத்துக்கு மேற்படாது எனக் கணித்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 3,800 சதுர கிலோமீற்றர். ஊவா மாகாணத்தின் பரப்போ ஏறத்தாழ 8,500 சதுர கிலோமீற்றர். அதாவது, உலகத்து ஆழ்கடற்றரை முழுவதிலும் மனிதர் கண்டது ஊவாவின் பாதிக்கும் குறைந்த பரப்பேயாம். அவ்வாய்வு கூறிய பிறிதொரு செய்தியும் சிந்தனைக்குரியது. அவ்விறங்குகைகளில் 97 சதவீதம் ஐக்கிய அமெரிக்கா, யப்பான், நியூசிலாந்து, பிரான்சு, யேர்மனி என்னும் ஐந்து நாடுகளின் நிறுவனங்களால் நடத்தப்பட்டவை. எஞ்சிய நாடுகள் பலவும் தத்தம் கடலடியைப் பிறர் கண்கொண்டே அறிந்துள்ளன.

கப்பல் இல்லாமையே இதற்குக் காரணம் என்று எளிதிற் கூறிவிடலாம். ஆழ்கடற் கப்பல் பெரும்பொருட் செலவினது என்பது மெய். ஆயினும் கப்பலை இரவலாகப் பெறலாம்; கூட்டாகப் பயன்படுத்தலாம். பிற நாட்டுக் கப்பலில் ஓரிடம் கேட்டுப் பெறலும் கூடும். அவ்விடத்தில் அமர்ந்து, கொணர்ந்த மண்ணையும் நீரையும் ஆராய்ந்து பொருள் காணத்தக்க ஆளை இரவல் பெறுதல் இயலாது. அத்தகையாரை நாடு தானே வளர்த்தல் வேண்டும். ஆராய்ச்சியிற் புதிதாகப் புகுவோருக்கும், கலாநிதிப் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே கழிந்தோருக்கும் அளிக்கப்படும் துணையே ஆழ்கடல் விஞ்ஞானத்தின் அடிப்படை என்பதனை அவ்விஞ்ஞானத்தின் வரலாறு காட்டுகின்றது.

1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய ‘சலஞ்சர்’ என்னும் பிரித்தானியக் கப்பலின் பயணத்தோடு ஆழ்கடல் விஞ்ஞானம் முறையாகத் தொடங்கியது என்பர். அக்கப்பலில் உதவி இயற்கை விஞ்ஞானியாகச் சென்றவருள் ஒருவர் ஜோன் மறே. எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் பயின்றும் பட்டம் பெறாதவர் அவர். இடமொன்று வெற்றாகியமையால் அக்கப்பலில் ஏறும் வாய்ப்பு அவருக்குக் கிட்டிற்று. பயணத் தலைவராகிய வைவில் தொம்சன் 1882 இல் மறைந்தபின், ஐம்பது தொகுதிகளாக விரிந்த ஆய்வறிக்கையை 1895 இல் முற்றுவித்தவர் அவரே. கடலடி மண்ணைப் பல்லாண்டு பயின்ற அவ்வறிவே இந்துசமுத்திரத்துக் கிறிஸ்மஸ் தீவிற் பொசுபேற்றுக் கனியம் உண்டென்பதை அவர் கண்டறிய உதவியது. அதனால் அவர் பெருஞ்செல்வம் ஈட்டினார். இளமையிற் கிடைத்த கப்பலிடம் ஒன்று விளைத்த பயன் இத்தகையது.

அப்பயன் அவரோடு நின்றுவிடவில்லை. மறே விட்டுச்சென்ற பொருளைக்கொண்டு 1933 ஆம், 1934 ஆம் ஆண்டுகளில் அராபிக்கடலையும் அதனை அடுத்த பகுதிகளையும் ஆராயும் பயணமொன்று நடைபெற்றது. தலைவர் சீமோர் சீவெல் என்னும் ஆங்கிலேயர். கப்பலோ எகிப்து நாட்டுக்குரிய ‘மபாஹிஸ்’. கப்பலை உதவிய எகிப்து, தன் மக்களையும் அதில் அனுப்பியது. மாலுமிகளோடு ஹுசேன் பௌசி, அப்தெல் பத்தாஹ் முகம்மது என்னும் இரு எகிப்திய விஞ்ஞானிகளும் ஆராய்ச்சிக் குழுவில் இடம்பெற்றனர். பயணம் முடிந்தபின் பிரித்தானியர் தம் நாடு சென்றனர். எகிப்திற் கடலாராய்ச்சியைத் தொடரத்தக்க பயிற்சி அவ்விருவரிடத்தும் எஞ்சி நின்றது.

1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிகழ்ந்த சர்வதேச இந்துசமுத்திர ஆராய்ச்சிப் பயணமும் இத்தகைய பாடத்தையே புகட்டுகின்றது. பல நாட்டுக் கொடிகளைத் தாங்கிய நாற்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் 1965 வரை அதிற் பங்கெடுத்தன. அக்கப்பல்கள் திரும்பிச் சென்றபின்னும் இந்தியாவில் நிலைத்து நின்றது யாதெனின், 1966 சனவரி முதல் நாள் நிறுவப்பெற்ற தேசிய சமுத்திரவியல் நிறுவனம். அப்பயணத்திற் சேர்ந்த மாதிரிகளையும் பயிற்சி பெற்ற இளைஞரையும் ஓரிடத்தில் வைத்துக் காத்தமையால், கப்பல்களின் வருகை ஒரு நாட்டின் நிலையான விஞ்ஞானமாக மாறியது.

இனி இலங்கையின் நிலையை நோக்கலாம். இத்தீவின் நிலப்பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். அதன் தனியுரிமைப் பொருளாதாரக் கடல்வலயம் ஏறத்தாழ 517,000 சதுர கிலோமீற்றர். நிலத்தைப்போல் ஏறத்தாழ எண்மடங்கு கடல் இந்நாட்டுக்கு உரியது. அதற்கு அப்பாலுள்ள கடலடியிலும் கண்டமேடை உரிமை கோரி, 2009 மே 8 இல் ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழுவிடம் இலங்கை தன் ஆவணங்களைச் சமர்ப்பித்தது. கடலடியில் அடையற்படையின் தடிப்பு எவ்விடத்தில் எத்துணை என்று அளந்து காட்டுவதிலேயே அவ்வுரிமை பெரிதும் தங்கியிருக்கின்றது. அரசியல் உரிமையொன்று சேற்றுப்படையின் அளவீட்டைச் சார்ந்து நிற்பது, ஆழ்கடல் விஞ்ஞானம் தெரிந்தாரின் இன்றியமையாமையைக் காட்டும்.

கடற்சட்டத்தை ஆக்கிய ஐக்கிய நாடுகள் மகாநாட்டுக்கு 1973 முதல் 1980 இல் இறக்கும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையராகிய ஹமில்டன் சேர்லி அமரசிங்க. சட்டத்துறையில் உலகுக்கு வழிகாட்டிய நாடு, விஞ்ஞானத் துறையில் அத்துணை ஆயத்தம் செய்யவில்லை. நோர்வே நாட்டோடு தொடர்புடைய ‘டாக்டர் பிரித்யோவ் நான்சன்’ என்னும் கப்பல் 1978 முதல் 1980 வரையிலும், பின்னர் 2018 இலும் இலங்கைக் கடலை ஆராய்ந்தது. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். ஓர் ஆராய்ச்சியாளன் பயிற்சி பெற்று, தொழிலாற்றி, ஓய்வு பெறுதற்குப் போதிய காலம் அது. 2024 ஆம் ஆண்டில் இலங்கை அரசு வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல்களின் வருகையை ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தது. அயல்நாட்டு அரசியல் அதற்குப் பின்னணியாக இருந்தது. எனினும், கூட்டாராய்ச்சியிற் சமபங்காளியாக நிற்றற்குரிய ஆற்றலை நாடு வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அரசு எடுத்துக் கூறிய காரணம். அக்காரணம் தக்கதே. ஆயின் ஆற்றல் கப்பலைத் தடுப்பதனால் மட்டும் வளர்வதன்று. தடுத்த காலத்தில் எத்தனை இளைஞர் பயிற்றப்பட்டனர் என்பதே அதன் அளவுகோல்.

அவ்விளைஞர் கரையோரத்தாராகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. பதுளையிற் பசறை வீதியில் அமைந்துள்ள ஊவா வெல்லச பல்கலைக்கழகம் 2005 இல் நிறுவப்பெற்றது. கடலினின்றும் விலகி மலைகளால் சூழப்பட்ட அவ்விடத்தில் நீர்வாழ் வளத் தொழினுட்பம் ஒரு பட்டநெறியாகக் கற்பிக்கப்படுகின்றது. கனிய வளத் தொழினுட்பமும் அங்கே பயிலப்படும் துறைகளுள் ஒன்று. ஆழ்கடல் ஆராய்ச்சிக்கு வேண்டிய இருபெருங் கூறுகளாகிய உயிரியலும் கனியவியலும் தேயிலை மலைகளின் நடுவே ஒருங்கு கற்பிக்கப்படுதல் கருதத்தக்கது. குறிஞ்சியையும் நெய்தலையும் வேறு வேறு திணைகளாக வகுத்த தமிழ் மரபும், அவற்றைத் திணைமயக்கத்தாற் கலக்க இடந்தந்தது. பதுளையில் அம்மயக்கம் பல்கலைக்கழகப் பாடநெறியாகவே வந்துள்ளது.

ஆயினும் பல்கலைக்கழகம் மலையில் இருத்தலாலேயே மலைநாட்டுத் தோட்டப் பிள்ளைகள் அதனுட் புகுவர் என எண்ணுதல் தவறு. அவர்கள் செல்லும் வழியிற் பல இடங்களிற் படி முறிந்துள்ளது. முதலாவது முறிவு பாடசாலையில் நிகழ்கின்றது. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசின் பொறுப்பில் வந்தன. அதற்கு முந்திய நெடுங்காலத்தில், தோட்ட நிருவாகத்தின் கீழ் எழுத்தும் எண்ணும் மட்டும் கற்பிக்கும் சிற்றிடங்களாகவே பல இருந்தன. இன்றும் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானப் பிரிவை நடத்தும் பாடசாலைகள் ஊவாத் தோட்டப்புறத்திற் சிலவே. கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் ஆசிரியர் கிடையாமை நெடுங்காலக் குறை. பல்கலைக்கழக அனுமதியில் நாற்பது சதவீதம் திறமை அடிப்படையிலும், ஐம்பத்தைந்து சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், ஐந்து சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வகுக்கப்பட்டுள்ளது. பதுளை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இச்சலுகை மாவட்டத்துக்கு உரியதேயன்றித் தோட்டத்துக்கு உரியதன்று. ஆய்வுகூடம் உள்ள நகரப் பாடசாலை மாணவனும், அது இல்லாத தோட்டப் பாடசாலை மாணவனும் ஒரே பங்குக்கே போட்டியிடுகின்றனர்.

இரண்டாவது முறிவு மொழியில் உள்ளது. பாடசாலையில் தமிழிற் கற்ற மாணாக்கர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற் கற்க நேர்கின்றது. சமுத்திரவியலின் சொற்கள் ஒருங்கே புதியனவாகவும் பிறமொழியனவாகவும் வந்து எதிர்ப்படுகின்றன. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானக் கலைச்சொற்றொகுதிகளைத் தமிழில் ஆக்கி வெளியிட்டது. அப்பணி ஆழ்கடற்றுறைக்கும் விரிக்கப்படுமாயின், பொருளை முதலில் தமிழில் உணர்ந்து பின் ஆங்கிலத்திற் கையாளும் வன்மை மாணாக்கர்க்கு உண்டாகும். ஆங்கிலப் பயிற்சி விலக்கத்தக்கதன்று. பொருளுணர்ச்சி அதற்காகக் காத்து நிற்றலே தகாது.

மூன்றாவது, ஆராய்ச்சிக்குரிய முதற்பொருள் கையில் அகப்படாமை. இதற்குத் தீர்வு பலரும் எண்ணுவதினும் எளிது. ஆழ்கடல் விஞ்ஞானத்தின் பெரும்பகுதி கடலில் நிகழ்வதன்று. சில கிழமைக் கப்பற் பயணத்திற் சேர்த்த மாதிரிகளையும் அளவீடுகளையும் ஆராய்தற்கு ஆண்டுகள் பல செல்லும். 1999 இல் தொடங்கிய ‘ஆர்கோ’ என்னும் சர்வதேசத் திட்டத்தின் ஏறத்தாழ நாலாயிரம் மிதவைகள் உலகக் கடல்களில் 2,000 மீற்றர் ஆழம்வரை இறங்கி ஏறி, வெப்பநிலையையும் உவர்த்தன்மையையும் அளந்து அனுப்புகின்றன. அவ்வளவீடுகளை எவரும் விலையின்றிப் பெறலாம். கடற்றரையின் ஆழப்படங்களும் அவ்வாறே கிடைக்கின்றன. ஊவாத் தேயிலைக்கு ஆடி ஆவணி மாதங்களில் தனிமணம் தருவது வறண்ட கச்சான் காற்று. அக்காற்று தென்மேற்குப் பருவக்காற்றின் கூறு. அப்பருவக்காற்றோ இந்துசமுத்திரத்தின் வெப்பநிலையோடு பிணைந்தது. பதுளையிலுள்ள மாணவி ஒருத்தி வங்காள விரிகுடா மிதவைகளின் பத்தாண்டு அளவீடுகளையும் தோட்டத்து மழைப் பதிவேடுகளையும் ஒப்புநோக்கத் தொடங்குவாளாயின், அவள் கடலைக் காணுமுன்னரே சமுத்திரவியலிற் கால்வைத்தவள் ஆவாள். அதற்கு வேண்டுவன ஒரு கணினி, இணையத் தொடர்பு, வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர் என்பனவே.

நான்காவது, முதற் கடற்பயணம். அளவீட்டை மட்டும் கற்றவர் அது எவ்வாறு பெறப்பட்டது, எங்கே பிழைபட்டிருக்கலாம் என்பவற்றைக் கப்பலிலேயே கற்றல் வேண்டும். இத்தகைய பயிற்சிக்கு உலகில் வாயில்கள் உள. யப்பானிய நிப்பொன் மன்றத்தின் உதவியோடு ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் பல்கலைக்கழகத்தில் 2004 இல் தொடங்கிய கடற்றரைப் படவரைவுப் பயிற்சி, பல நாட்டு இளைஞரைச் சிறு குழுக்களாகப் பயிற்றியது. அவ்வாறு பயின்றோர் ஒன்றுகூடி அமைத்த குழுவே, மனிதரில்லாக் கருவிகளால் ஆழ்கடலைப் படமாக்கும் உலகப் போட்டியொன்றில் 2019 இல் வெற்றிபெற்று நாற்பது இலட்சம் அமெரிக்க டொலர் பரிசினை அடைந்தது. சர்வதேசக் கடலடி அதிகாரசபையோடு ஒப்பந்தம் செய்து கனியம் தேடுவோர், வளர்முக நாட்டினர்க்குப் பயிற்சி அளித்தல் கடமை. 2026 சனவரி 17 இல் நடைமுறைக்கு வந்த, நாட்டெல்லைக்கு அப்பாற்பட்ட கடலின் உயிரினங்களைக் காக்கும் உடன்படிக்கையும், ஆற்றல் வளர்ப்பினைத் தன் நான்கு பெரும் பகுதிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

அயல்நாட்டு உதாரணம் ஒன்றும் கருதத்தக்கது. சென்னையிலுள்ள தேசிய சமுத்திரத் தொழினுட்ப நிறுவனம், மூவரை 6,000 மீற்றர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் ‘மத்ஸ்யா 6000’ என்னும் ஊர்தியை அமைத்து வந்தது. அவ்வூர்தி கடலாழத்துக்கு ஆயத்தமாகும்வரை இந்தியா காத்திருக்கவில்லை. 2025 ஓகஸ்ட் மாதத்தில் இந்தியர் இருவர் பிரான்சு நாட்டின் ‘நோட்டில்’ ஊர்தியில் அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஒருவர் 4,025 மீற்றரும் மற்றவர் 5,002 மீற்றரும் இறங்கினர். ஊர்தி இரவல், பெற்ற அனுபவம் சொந்தம்.

ஐந்தாவது முறிவே பெரிதும் பேசப்படாதது. அது பொருளைப் பற்றியது. வெளிநாட்டுப் பயிற்சிக்குச் செல்வோர் கடவுச்சீட்டு, விசா, மொழித் தேர்வு, மருத்துவச் சோதனை முதலியவற்றின் செலவைத் தாமே முதலிற் செலுத்திப் பின்னர் மீளப்பெறும்படி பல நிறுவனங்கள் விதிக்கின்றன. நிலையான வருவாயுடைய குடும்பத்தினர்க்கு அது சிறு இடையூறு. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. கொழுந்து பறித்து அவ்வூதியத்தில் வாழும் தாயின் மகளுக்கு, ‘பின்னர் தருவோம்’ என்னும் உதவி உதவியன்று. முதற் பட்டதாரியாக வீட்டுக்கு வரும் பிள்ளை உடனே ஊதியம் ஈட்டவேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் அக்குடும்பத்தில் நியாயமானதே. ஊதியமின்றிக் கற்றுக்கொள்ளுமாறு கூறும் பயிற்சியிடங்கள் அத்தகையாரைச் சொல்லாமலே விலக்கிவிடுகின்றன. இறுதியில் ஆராய்ச்சியில் எஞ்சுவோர், திறமை மிக்கோர் என்பதினும், காத்திருக்க வசதியுடையோர் ஆகின்றனர். விஞ்ஞானத்துக்கு இதனால் நேரும் இழப்பு எந்த அறிக்கையிலும் பதிவாவதில்லை. வந்திராதவரை எவரும் எண்ணுவதில்லை.

ஆறாவது, ஆராய்ச்சியின் உரிமையும் புகழும். செல்வ நாட்டு ஆராய்ச்சியாளர் பிறநாட்டுக் கடலுக்கு வந்து மாதிரிகளைச் சேர்த்துச் சென்று, அந்நாட்டார்க்கு எதுவும் விட்டுச்செல்லாத வழக்கத்தைப் ‘பரசூட் விஞ்ஞானம்’ என்பர். இதனை உலகறியக் கண்டித்தவருள் ஒருவர், இலங்கையின் நீலத் திமிங்கிலங்களை ஆராய்ந்த ஆஷா டி வோஸ். கப்பலில் இடம்பெறும் இளைஞரைக் கருவி சுமப்போராக மட்டும் கொள்ளாது, ஆய்வுக் கேள்வியை வகுப்பதிலும், மாதிரியின் ஒரு பகுதியை நாட்டிற் பேணுவதிலும், கட்டுரையின் ஆசிரியர் வரிசையிலும் பங்குடையோராகக் கொள்ளுதல் வேண்டும். திரினிடாட்டிலும் கிரிபாற்றியிலும் 2018 இல் தொடங்கிய முயற்சியொன்று குறைந்த விலைக் கருவிகளை அந்நாட்டார் கையிலேயே கொடுத்து ஆழ்கடலை ஆராயப் பயிற்றியமை, சிறு நாடுகளுக்கு இது இயலும் என்பதனைக் காட்டியது. பயிற்சி பெற்று மீள்வோர்க்குத் தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி நிறுவனத்திலோ, உறுகுணை, கிழக்கு, யாழ்ப்பாணம், ஊவா வெல்லச முதலிய பல்கலைக்கழகங்களிலோ நிலையான பதவி இல்லையாயின், அவர்கள் மீண்டும் வெளியேறுவர். அவர்மேற் செலவிட்ட பொருளும் அவரோடு வெளியேறும்.

இம்முறிவுகளுட் சிலவற்றை அரசே சீர்செய்தல் கூடும். ஏனையவை கல்லூரிகளின் ஆற்றலுக்கு உட்பட்டவை. ஆசிரியர் ஒருவர் விஞ்ஞான மன்றத்தில் மிதவை அளவீடுகளை மாணாக்கர் கையிற் கொடுக்கலாம். பழைய மாணவர் சங்கம் ஒன்று சிறு நிதியொன்றை வகுத்து, புலமைப்பரிசில் பெற்றும் பயணச் செலவுக்குத் தடுமாறும் ஒருவர்க்கு முற்பணம் அளிக்கலாம். நிறுவனம் அதனைத் திருப்பித் தரும்போது அப்பணம் அடுத்தவர்க்குச் செல்லும். கரையோரக் கல்லூரியும் தோட்டப்புறப் பாடசாலையும் இணைந்து, விடுமுறையிற் சில நாள் மாணாக்கரைக் கொட்டியாரக் குடாவுக்கு அழைத்துச் செல்லலாம். இவை பெருஞ்செலவினவல்ல.

பதுளு ஓயாவின் மண் கொட்டியாரத்தை அடைய எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. சரிவே அதனைக் கொண்டுசெல்கின்றது. மாணாக்கர் செல்லும் வழியோ ஏற்றமானது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் நின்று கைகொடுத்தாலன்றி அதனைக் கடத்தல் அரிது. ஆசிரியரும் முதற் கப்பலிடமும் முற்பணமும் மீண்டுவரப் பதவியும் ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக அமையுமாயின், இலங்கையின் கடலடியைப் பற்றி நாளை எழுதப்படும் ஆய்வறிக்கைகளில் ஊவாத் தோட்டத்து லயத்திற் பிறந்தோர் பெயரும் இடம்பெறும்.